பிடிபட்டால் என்ன ஆகும்? – ஒரு வாத்து விளையாட்டின் பலமும் பலவீனமும்

“பிடிச்சால் என்ன செய்வினம், சித்தி?”

பத்து வயதான என் அக்காவின் மகள் கேம்பேடைக் கையில் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி இது. திரையில் ஒரு வெள்ளை வாத்து நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு தோட்டம். தோட்டக்காரர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. அந்தச் சாவியை வாத்து திருட வேண்டும்.

“ஒண்டும் செய்யமாட்டினம். துரத்துவினம், சாவியைத் திரும்ப வாங்குவினம்.”

“அவ்வளவுதானா?”

அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ பற்றியதே இந்தக் கட்டுரை. ‘அன்டைட்டில்ட் கூஸ் கேம்’, அதாவது ‘தலைப்பிடப்படாத வாத்து விளையாட்டு’, 2019 செப்டெம்பர் 20ஆம் திகதி வெளியானது. பதுங்கிச் செல்வதையும் புதிர் அவிழ்ப்பதையும் ஒன்றாகச் சேர்த்த வீடியோ கேம்களில் உலகெங்கும் அதிகம் பேசப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு முடிவதற்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகின. 2020ஆம் ஆண்டு டைஸ் விருதுகளிலும் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டின் விருதுகளிலும் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தெரிவானது. பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த குடும்ப விளையாட்டுக்கான விருதையும் பெற்றது.

விருதுகள் வாங்கிய விளையாட்டு என்பதால் குறைகள் இல்லை என்றாகிவிடாது. இதன் குறைகள் பலவும் இதன் பலம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே வருகின்றன. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு படமும் ஒரு பகிடியும்

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் இயங்கும் ‘ஹவுஸ் ஹவுஸ்’ ஒரு சிறிய குழு. ஸ்டூவர்ட் கில்லெஸ்பி-குக், நிக்கோ டிசெல்டோர்ப், மைக்கேல் மக்மாஸ்டர், ஜேக் ஸ்ட்ராசர் ஆகிய நால்வரும் அதன் உறுப்பினர்கள். இதற்கு முன்னர் 2016இல் ‘புஷ் மீ புல் யூ’ என்ற விளையாட்டை வெளியிட்டிருந்தார்கள். அதே ஆண்டு, குழுவின் இணைய அரட்டையில் ஸ்டூவர்ட் ஒரு வாத்தின் படத்தைப் போட்டு, இதைப் பற்றி ஒரு விளையாட்டுச் செய்வோம் என்று பகிடியாக எழுதினார். பகிடி உண்மையான வேலையாக மாறியது.

2017 ஒக்டோபரில் முன்னோட்டக் காணொளியை வெளியிட்டபோது அது இணையத்தில் வேகமாகப் பரவியது. விளையாட்டுக்கு அப்போது முறையான பெயர் இருக்கவில்லை. ஒரு விழாவுக்கு விண்ணப்பிக்கும் அவசரத்தில் எழுதப்பட்ட ‘தலைப்பிடப்படாத’ என்ற சொல்லே கடைசியில் பெயராக நிலைத்துவிட்டது. விக்டோரியா மாநிலத்தின் ‘ஃபிலிம் விக்டோரியா’ நிதியுதவி வழங்கியது. அமெரிக்காவின் ‘பானிக்’ நிறுவனம் வெளியிட்டது. முதலில் நின்டெண்டோ சுவிட்ச், விண்டோஸ், மெக் கணினிகளுக்கும், 2019 டிசெம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகியவற்றுக்கும் வந்தது.

எங்கள் வீட்டுக் கோடியில் திரியும் தாரா அல்ல இது. கழுத்து நீண்ட, ஆள் வந்தால் சிறகை விரித்துக்கொண்டு எதிர்த்து வருகிற பெரிய வாத்து. களம் ஒரு ஆங்கிலேயக் கிராமம். ஒழுங்காக வெட்டிய வேலிகள், அளவான தோட்டங்கள், ஒரு சிறு கடைத்தெரு, வாய்க்காலோரம் ஒரு மதுச்சாலை. ‘போஸ்ட்மேன் பாட்’ போன்ற பிரித்தானியச் சிறுவர் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் கிராமத்தின் சாயல் இதில் நன்றாகத் தெரிகிறது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும் ஊர். அந்த ஒழுங்கைக் குலைப்பதே வாத்தின் வேலை.

பதுங்கல் விளையாட்டுகளின் பரம்பரை

இந்த விளையாட்டு எதை மாற்றியது என்று புரிந்துகொள்ள, இந்த வகையின் பழைய கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1981இல் சைலஸ் வோர்னர் அப்பிள் 2 கணினிக்காக எழுதிய ‘காசில் வொல்ஃபென்ஸ்டீன்’ இதன் ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று. நாசிகளின் கோட்டையிலிருந்து தப்பும் கைதியாக அதில் விளையாட வேண்டும். 1987இல் ஜப்பானில் ஹிடியோ கோஜிமாவின் ‘மெட்டல் கியர்’ வந்தது. 1998இல் ‘மெட்டல் கியர் சொலிட்’, ‘தீஃப்: த டார்க் புரொஜெக்ட்’ ஆகிய இரண்டும் வெளியாகி, ‘ஸ்டெல்த்’ எனப்படும் பதுங்கல் வகையைத் தனி வகையாக நிலைநிறுத்தின. 2000இல் கூலிக் கொலையாளியைப் பற்றிய ‘ஹிட்மேன்’ தொடர் தொடங்கியது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. காவலாளி ஒருவர் வகுத்த பாதையில் நடப்பார். அவருக்கு முன்னால் ஒரு பார்வை எல்லை இருக்கும். அதற்குள் போனால் கண்டுவிடுவார். சத்தம் போட்டால் திரும்பிப் பார்ப்பார். அவர் முதுகு திரும்பும் நேரத்தைக் கணித்து, நிழலில் ஒளிந்து, அடுத்த மறைவுக்கு ஓட வேண்டும். இதில் புதிரும் அடங்கியிருக்கிறது: யார் எப்போது எங்கே பார்க்கிறார், அவரை எப்படித் திசைதிருப்புவது?

பிடிபட்டால்? எச்சரிக்கை மணி ஒலிக்கும், துப்பாக்கிகள் வெடிக்கும், பெரும்பாலும் நீங்கள் செத்துப்போவீர்கள். பின்னர் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இந்த வகை விளையாட்டுகளை நான் நீண்ட காலம் விரும்பி ஆடியதில்லை. சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, சீருடைக்காரர் எங்களைப் பார்க்கிறாரா வேறெங்கோ பார்க்கிறாரா என்று கவனித்தபடி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. காவலாளியின் பார்வை எல்லைக்குள் ஒரு பொம்மை உருவத்தை நகர்த்துவது பொழுதுபோக்கு என்று என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. நண்பர்கள் பலருக்கு அப்படி இல்லை. அவர்கள் ரசித்து ஆடினார்கள். எனக்கு மாத்திரம் கேம்பேடைப் பிடித்திருக்கும் கை வியர்த்துவிடும்.

வாத்து விளையாட்டை ஆடிய அன்றுதான் அந்த வகையின் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பயமில்லாமல் பார்க்க முடிந்தது.

என்ன செய்ய வேண்டும்?

வாத்துக்குச் செய்யத் தெரிந்தவை சில மட்டும். நடக்கும், ஓடும், கழுத்தைத் தாழ்த்திப் பதுங்கும், அலகால் பொருட்களைக் கவ்வும், சிறகடிக்கும், உரத்துக் கத்தும். பேசாது, அடிக்காது, கொல்லாது.

கிராமம் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: தோட்டம், கடைத்தெரு, இரண்டு அயல்வீடுகளின் பின்வளவுகள், மதுச்சாலை, கடைசியாக அந்தக் கிராமத்தின் சிறிய மாதிரி உருவம். ஒவ்வொரு பகுதிக்கும் கையால் எழுதியது போன்ற ஒரு வேலைப்பட்டியல் தரப்படும். தோட்டக்காரரை நனைக்க வேண்டும். அவருடைய சாவியைத் திருட வேண்டும். அவரை வெயில் தொப்பியைப் போடவைக்க வேண்டும். மண்வாரியைக் குளத்தில் போட வேண்டும். பட்டியலில் ஒன்றைத் தவிர மற்றவற்றை முடித்ததும் கடைசி வேலை ஒன்று புதிதாகத் தோன்றும். அதை முடித்தால் அடுத்த பகுதிக்கு வழி திறக்கும்.

பட்டியல் என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிறது. எப்படி என்று சொல்வதில்லை. தோட்டக்காரர் ஏற்கெனவே ஒரு தொப்பி போட்டிருக்கிறார். அது தலையில் இருக்கும்வரை மற்றத் தொப்பியை ஏன் எடுக்கப்போகிறார்? ஆகவே முதலில் அந்தத் தொப்பியைக் கவ்வ வேண்டும். வாத்து குட்டை, அவர் உயரம். அவரைக் குனியவைக்க என்ன செய்யலாம்? இப்படி ஒரு வரியிலிருந்து இரண்டு மூன்று கேள்விகள் பிறக்கின்றன. புதிர் அங்கேதான் இருக்கிறது.

பலம்: சத்தமே கருவி

பதுங்கல் விளையாட்டுகளில் சத்தம் போடுவது பெரும்பாலும் தவறு. இங்கே கத்துவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. மகள் முதல் பத்து நிமிடமும் அதைத்தான் அமத்திக்கொண்டிருந்தாள்.

அந்தக் கத்தல் வெறும் வேடிக்கைக்காக வைக்கப்பட்டதல்ல. தோட்டக்காரர் வாத்துக்குத் தடை என்று ஒரு பலகையைச் சுத்தியலால் அடித்து நடுகிறார். சரியான கணத்தில் பின்னால் நின்று கத்தினால் சுத்தியல் அவருடைய பெருவிரலில் விழும். மறைந்து போவதும் திடீரென்று வெளிப்படுவதும் இந்த விளையாட்டில் சம அளவு முக்கியம். எப்போது பதுங்குவது என்பதோடு, எப்போது கண்ணில் படுவது என்பதையும் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். கிராமத்தவர் துரத்தட்டும் என்று விட்டுவிட்டு, அவர் வேறிடம் போன நேரத்தில் சுற்றிவந்து வேண்டிய பொருளை எடுக்கலாம். வழமையான பதுங்கல் விளையாட்டில் தோல்வியாகக் கருதப்படுவது இங்கே ஒரு உத்தியாகிவிடுகிறது.

பலம்: வாசிக்கக்கூடிய மனிதர்கள்

இந்தக் கிராமத்து மனிதர்களுக்குக் கண், வாய் வரையப்படவில்லை. வசனமும் இல்லை. ஆனாலும் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது விளங்குகிறது. தோள் தொங்குவது, இடுப்பில் கைவைப்பது, தலையைச் சொறிந்து அங்குமிங்கும் தேடுவது – ஊமைப்பட நடிகர்களின் உடல்மொழி இது.

இதற்குள் ஒரு எளிய விதி ஓடுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் கிராமத்தவரின் மனத்தில் ஓர் இடம் உண்டு. கரட் பாத்தியில் இருக்க வேண்டும், தும்புத்தடி கடை வாசலில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் இல்லாததைக் கண்டால் எடுத்துக்கொண்டுபோய்ப் பழையபடி வைப்பார்கள். வாத்தின் அலகில் கண்டால் துரத்திப் பறிப்பார்கள். விதி இவ்வளவுதான் என்று புரிந்துகொண்டதும் அதை அவர்களுக்கு எதிராகவே திருப்பலாம்.

இதற்குச் சிறந்த உதாரணம் பின்வளவுகள் பகுதி. மதிலின் ஒரு பக்கம் பத்திரிகை வாசித்துக்கொண்டு தேநீர் குடிக்கும் ஓர் ஆண். மறுபக்கம் அழகுணர்ச்சி மிக்க ஒரு பெண். ஒரு வளவுப் பொருளை மற்ற வளவில் கொண்டுபோய்ப் போட்டால், அது தன்னுடையதல்ல என்று கண்டவர் மதிலுக்கு மேலால் வீசிவிடுகிறார். அந்தப் பெண்ணின் அழகான பூச்சாடியை அப்படி வீசவைத்தால் அது நொறுங்கிவிடும். வாத்து எதையும் உடைக்கவில்லை. அயலவர் இருவருக்கும் இடையில் ஏற்கெனவே இருந்த எரிச்சலுக்கு ஒரு பொருளை இடம்மாற்றிக் கொடுத்தது, அவ்வளவே. அளவில் சிறிதாக இருந்தாலும் புதிர் வடிவமைப்பில் இந்தப் பகுதியே விளையாட்டின் உச்சம்.

பலம்: வாத்தோடு நடக்கும் பியானோ

இசையைக் குறிப்பிடாமல் விட முடியாது. முன்னோட்டக் காணொளியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் குளோட் டெபுசியின் பியானோப் படைப்பான ‘மின்ஸ்ட்ரெல்ஸ்’ ஒலித்தது. இசை வாத்தின் அசைவுகளோடு பொருந்தி நின்றதைப் பார்வையாளர்கள் விரும்பினார்கள். முழு விளையாட்டிலும் அதைச் செய்யும் பொறுப்பு டான் கோல்டிங்கிடம் வந்தது. டெபுசியின் ‘பிரலூட்’ தொகுப்பிலிருந்து சில படைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அமைதியாக ஒருமுறையும் வேகமாக ஒருமுறையும் வாசித்து, நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டினார்கள். நீங்கள் சும்மா நடந்தால் மௌனம். பதுங்கி நெருங்கினால் இரண்டொரு சுரங்கள் தயங்கித் தயங்கி வரும். துரத்தல் தொடங்கினால் அதே இசை பாய்ந்து ஓடும்.

இது அலங்காரத்துக்காகச் செய்யப்பட்ட வேலை மாத்திரமல்ல. யார் உங்களைக் கண்டுவிட்டார்கள், ஆபத்து தணிந்துவிட்டதா என்பதை இசையே சொல்லிவிடுகிறது. மற்ற விளையாட்டுகள் அதற்குச் சிவப்பு அடையாளங்களையும் எச்சரிக்கை மணியையும் பெரிதும் நம்பியிருக்கின்றன. ஊமைப்படங்களுக்குத் திரைக்கருகே இருந்து பியானோ வாசித்தவர்களின் வேலையை இங்கே கணினி செய்கிறது.

பலவீனம்: தூக்கிக்கொண்டு நடப்பது

இனி மறுபக்கம். பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் புதிர்கள் அல்ல. சில வெறும் சுமைவேலை. தோட்டத்தில் சுற்றுலா விருந்துக்கு விரிப்பில் பொருட்களைச் சேர்க்கும் வேலை அப்படிப்பட்டது. சான்ட்விச், அப்பிள், பூசணி, கரட், ஜாம் போத்தல், வானொலி, கூடை என்று ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு நடக்க வேண்டும். முதல் இரண்டு நடைகளில் சிரிப்பு வரும். ஐந்தாவது நடையில் தோட்டக்காரர் வந்து ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது அலுப்பு வரும். கடைத்தெருவில் கூடைக்குள் பொருட்கள் சேர்க்கும் வேலையும், பின்வளவில் உடுப்புத் தோய்க்கும் வேலையும் இதே அச்சில் வார்த்தவை.

இந்த அலுப்புக்குக் காரணம், முதலில் சொன்ன பலம்தான். பிடிபட்டால் இழப்பு எதுவும் இல்லை. பொருள் பழைய இடத்துக்குப் போகும், அவ்வளவே. ஆகவே தவறின் விலை நேர விரயமாக மட்டும் இருக்கிறது. பயத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஆர்வம் இருக்க வேண்டும். நல்ல புதிர்களில் இருக்கிறது. சுமைவேலைகளில் இல்லை; அங்கே மிஞ்சுவது பொறுமை மட்டும்.

கட்டுப்பாட்டிலும் சிக்கல் உண்டு. வாத்து கனமாகத் திரும்புகிறது. வாத்தாக நடப்பதின் சுவைக்கு அது தேவை என்று ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் பல பொருட்கள் நெருக்கமாகக் கிடக்கும் இடத்தில் அலகு எதைக் கவ்வப்போகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சாவியை எடுக்கப் போய்க் கரட்டோடு ஓடியதும் உண்டு. இரண்டு விநாடிக்குள் செய்து முடிக்க வேண்டிய வேலையில் இது புதிரின் தோல்வியாக இல்லாமல் விரலின் தோல்வியாக முடிகிறது.

பலவீனம்: பட்டியலின் அதிகாரம்

இந்த விளையாட்டின் சுதந்திரம் பார்ப்பதற்கு இருப்பதைவிடக் குறைவு. எங்கும் போகலாம், எதையும் கவ்வலாம், ஆனால் கதவைத் திறப்பது பட்டியலில் உள்ளவை மாத்திரம். பட்டியலில் இல்லாத ஒரு குறும்பை நீங்களாகக் கண்டுபிடித்தால், கிராமத்தவர் அதற்கும் எதிர்வினை காட்டுவார்கள். விளையாட்டு அதைக் கணக்கில் எடுக்காது. ‘ஹிட்மேன்’ தொடரில் ஒரே இலக்கை அடையப் பல வழிகள் இருக்கும். இங்கே பல வேலைகளுக்கு உருவாக்குநர் நினைத்த ஒரு வழிதான்.

அந்த ஒரு வழி தெரியாமல் நின்றுவிட்டால் உதவி எதுவும் கிடையாது. குறிப்புத் தரும் ஏற்பாடு இல்லை. கவனித்துக்கொண்டே இருப்பவருக்கு விடை தெரியவரும் என்பது உருவாக்குநரின் நம்பிக்கை. பெரும்பாலும் அது சரியாகவே வருகிறது. வராத இடங்களில் இளையோர் யூடியூப்பைத் திறக்கிறார்கள். விடையைப் பார்த்துச் செய்யப்படும் புதிருக்கு அதன் பிறகு சுவையில்லை.

முதல் சுற்றை முடிக்க இரண்டு மூன்று மணித்தியாலங்கள் போதும். 20 அமெரிக்க டொலர் விலையில் வெளியான விளையாட்டுக்கு இது குறைவு என்ற விமர்சனம் எழுந்தது. எனக்கு அளவு சரியாகவே பட்டது. இதைவிட நீண்டிருந்தால் பகிடி புளித்துப்போயிருக்கும். நீட்டுவதற்காகச் சேர்க்கப்பட்ட இரண்டாம் சுற்று வேலைகள்தான் எனக்குக் குறையாகத் தெரிந்தன. அவற்றில் ஒரு பகுதி, தேவாலய மணி ஒலிப்பதற்குள் ஒவ்வொரு பகுதியின் பட்டியலையும் முடிக்கச் சொல்கிறது. ஏற்கெனவே விடை தெரிந்த புதிரை வேகமாகச் செய்வது பயிற்சி, கண்டுபிடிப்பு அல்ல. மனிதர்களைப் பார்த்துப் பார்த்து விளையாடிய இடத்தில் மணிக்கூட்டைப் பார்க்க வைத்துவிடுகிறார்கள்.

2020 செப்டெம்பரில் இலவசமாகச் சேர்க்கப்பட்ட இருவர் ஆடும் முறை இந்தக் குறைகளில் பாதியை ஈடுசெய்கிறது. ஒரு வாத்து கத்தி ஆளை இழுக்க, மற்ற வாத்து பொருளோடு ஓடலாம். சுமைவேலை பங்கிடப்படுகிறது. புதிர்கள் இலகுவாகிவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து திட்டம் போடும் கலகலப்பு அதற்குப் பதிலாகக் கிடைக்கிறது.

அந்தப் பெடியன்

கடைத்தெருவில் ஒரு சிறுவன் இருக்கிறான். மூக்குக்கண்ணாடி போட்டவன், வாத்துக்குப் பயந்தவன். அவனுடைய சப்பாத்து நாடாவை அவிழ்த்து விழுத்தலாம். கண்ணாடியைப் பறித்து, தடவித் தடவி வேறு கண்ணாடியைப் போடவைக்கலாம். விளையாட்டு விமானத்தைத் திருடிக் கடையில் வைத்து, அவனைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கவைக்கலாம். துரத்தித் தொலைபேசிக் கூண்டுக்குள் அடைக்கலாம். இவை எல்லாம் பட்டியலில் உள்ள வேலைகளோடு வருபவை.

புதிராகப் பார்த்தால் விமானத்தைத் திரும்ப வாங்கவைப்பது மிகக் கெட்டித்தனமானது. மற்றவர்களின் விதிகளை வைத்தே மற்றவர்களை மாட்டிவிடும் கணக்கு அது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தொலைபேசிக் கூண்டுக் கட்டம் வந்தபோது சிரிப்பு நின்றது.

“பாவம் அந்தப் பெடியன். இவன் ஒண்டும் செய்யேல்லைத்தானே?”

அவள் கேட்டது சரி. தோட்டக்காரர் வாத்தைத் துரத்துகிறார். கடைக்காரப் பெண் தும்புத்தடியோடு வருகிறார். மதுச்சாலை வாசலில் நிற்கும் தடித்த ஆள் உள்ளே விடுவதில்லை. இவர்களிடம் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது. அதைச் சீண்டுவது பகிடி. அந்தச் சிறுவனிடம் எந்த அதிகாரமும் இல்லை. அவனோடு செய்வது பகிடிவதையின் சாயலுக்குப் போய்விடுகிறது. விளையாட்டு இந்த இரண்டுக்கும் இடையில் வேறுபாடு காட்டவில்லை. பட்டியலில் எல்லாமே ஒரே கையெழுத்தில், ஒரே குரலில் எழுதப்பட்டிருக்கின்றன.

இதை உருவாக்குநரின் கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். வாத்துக்கு நியாய அநியாயம் தெரியாது என்பதே பகிடியின் அடிப்படை. ஆனால் கேம்பேடைப் பிடித்திருப்பது வாத்து அல்ல. விளைவுகள் இல்லாத உலகத்தைப் படைத்தவர்கள், யார்மீது விளைவுகள் இல்லை என்பதையும் யோசித்திருக்கலாம். பிள்ளைகளோடு ஆடும் பெற்றோர் இந்தக் கட்டத்தில் சற்று நிறுத்திப் பேசலாம். நாங்கள் பேசினோம். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு அந்த வேலையைத் தாண்டிப் போகலாமா என்று கேட்டாள். ஒரு பகுதியில் எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை என்பதால் அது முடிந்தது. விளையாட்டு தானாக எழுப்பாத கேள்வியை, அதன் அமைப்பு தற்செயலாக அனுமதித்தது.

மணியோடு வீடு திரும்புதல்

கடைசிப் பகுதியில் கிராமத்தின் சிறிய மாதிரி உருவம் இருக்கிறது. கடந்துவந்த தோட்டம், கடைத்தெரு, மதுச்சாலை எல்லாம் காலடி உயரத்தில். அங்கிருந்து ஒரு சிறிய பொன் மணியைத் திருடி, வந்த வழியே முழுக் கிராமத்தையும் கடந்து வாத்தின் இருப்பிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

விளையாட்டின் மிகச் சிறந்த கட்டம் இதுவே. அலகில் இருப்பது மணி, நகர்ந்தால் ஒலிக்கும். அதுவரை தனித்தனியாக ஏமாற்றிய அத்தனை பேரும் பாதையில் நிற்கிறார்கள். எந்த வேலிக்குள் எந்த ஓட்டை, எந்தப் புதருக்குள் ஒளியலாம் என்று கற்றதெல்லாம் இப்போது ஒரே ஓட்டத்தில் தேவைப்படுகிறது. மணி பறிபோனால் இழப்பு உண்மையாகவே வலிக்கும். யாரும் சாகாமலே பதற்றத்தை உண்டாக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. இடையில் உள்ள சுமைவேலைகளிலும் இந்த யோசனையைக் கொஞ்சம் பயன்படுத்தியிருக்கலாமே என்ற ஆதங்கமும் அதனால்தான் வருகிறது.

மணியைக் குழிக்குள் போட்டதும் அங்கே ஏற்கெனவே பல மணிகள் கிடப்பது தெரியும். வாத்து இதை முன்பும் பலமுறை செய்திருக்கிறது. கிராமத்தவர் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிட்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

வெளியே நடந்த ஒரு விடயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளையாட்டு வெற்றி பெற்ற பின்னர், அதிலிருந்து கிடைக்கும் வருமானத்தில் குறைந்தது 1 சதவீதத்தை அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் அமைப்புகளுக்கு வழங்கப்போவதாக ஹவுஸ் ஹவுஸ் அறிவித்தது. பழங்குடியினரின் நிலத்தில் வாழ்வோர் அதற்கு ‘வாடகை’ கட்ட வேண்டும் என்ற அந்நாட்டு இயக்கத்தின் அடிப்படையில் எடுக்கப்பட்ட முடிவு அது. வேலிகளையும் தடைப் பலகைகளையும் பகிடி செய்த ஒரு விளையாட்டின் ஆக்குநர்கள், தாங்கள் நிற்கும் நிலம் யாருடையது என்று யோசித்தது பொருத்தமாகவே தெரிகிறது.

யாருக்கு ஏற்றது?

வீடியோ கேம் பழக்கமில்லாதவர்களுக்கும், பிள்ளைகளோடு சேர்ந்து ஆட விரும்புவோருக்கும் இதைத் தயங்காமல் சொல்லலாம். வசனம் இல்லை, இரத்தம் இல்லை. பட்டியலை ஒருவர் வாசித்துச் சொன்னால் போதும். இருவர் ஆடும் முறையில் தொடங்குவது நல்லது. முதல் சுற்றோடு நிறுத்திக்கொண்டாலும் நட்டமில்லை.

பல வழிகளில் தீர்க்கக்கூடிய சிக்கலான புதிர்களைத் தேடுவோருக்கு இது ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் தாங்காது. கடினமான பதுங்கல் விளையாட்டுகளில் தேறியவர்களுக்குக் கடைசி ஓட்டத்தைத் தவிர மற்றவை இலேசாகத் தோன்றும்.

அக்காவின் மகள் இப்போது வேறொரு பதுங்கல் விளையாட்டைப் பற்றி விசாரிக்கிறாள். கூட்டாளி ஒருத்தி வீட்டில் பார்த்தாளாம். அதில் காவலாளிகளிடம் துவக்கு இருக்கிறதாம். வாங்கித் தரலாமா என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வாங்கினாலும், முதல் நாள் பக்கத்தில் நானும் இருப்பேன். பிடிச்சால் என்ன செய்வினம் என்று அவள் மறுபடி கேட்பாள். இந்த முறை பதில் சொல்வது அவ்வளவு இலேசாக இருக்காது.